அரசபாட்டையில் ஐந்து மைலுக்கொரு கல்

(டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில், தமிழ் வாசகர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை. பேச்சின் போக்கு மாறாமல் அச்சுக்காகச் செப்பனிடப்பட்டது.)



இந்த அரங்கில் இருக்கிறவர்களில் பெரும்பாலோர் சான் மார்க்கோஸ் போயிருப்பீர்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் துணிமணி வாங்க அழைத்துப்போகிற கடைத்தொகுதி அங்கேதான் இருக்கிறது. திரும்பும்போது 35ஆம் எண் விரைவுச்சாலையின் நெரிசலுக்குப் பயந்து, 21ஆம் எண் சாலையில் பாஸ்ட்ராப் பக்கம் வண்டியைத் திருப்பியவர்களும் சிலர் இருக்கலாம். அவர்கள் சில கற்களைக் கடந்துதான் போயிருப்பார்கள். பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. எழுபது மைல் வேகத்தில் போகிறவன் கண்ணில் படுவதற்காக யாரும் அவற்றை நடவில்லை. குண்டும் குழியுமான மண் சாலையில் பழைய ஃபோர்டு வண்டி குலுங்கிக் குலுங்கிப் போன காலத்துக் கற்கள் அவை.

சாலையோரப் புல்லுக்குள் நிற்கும் கிரானைட் கல். பூவேலையோ உருவமோ எதுவும் கிடையாது. முகத்தில் வெட்டியிருக்கிற எழுத்து மட்டும்தான். மேலே 'கிங்ஸ் ஹைவே', அதன் கீழே 'காமினோ ரியால்', அதன் கீழே 'ஓல்ட் சான் அன்டோனியோ ரோடு' என்று ஒரே சாலைக்கு மூன்று பெயர்கள். அடியில், அமெரிக்கப் புரட்சியின் மகள்கள் என்ற அமைப்பும் டெக்சாஸ் மாநிலமும் அடையாளமிட்டது என்ற அறிவிப்பும், கி.பி. 1918 என்ற ஆண்டும். அவ்வளவுதான். மைல்கல் போலத் தோன்றினாலும் அதில் தூரம் இல்லை. அடுத்த ஊர் எதுவென்றும் சொல்லாது. யார் போனார்கள், எதற்குப் போனார்கள், எப்போது போனார்கள் என்ற ஒன்றுமே இல்லாமல் பெயரையும், நட்டவர்கள் யார் என்பதையும் மட்டும் சொல்கிற கல். இப்படி 123 கற்கள், கிழக்கே லூசியானா எல்லையில் ஓடும் சபைன் ஆற்றிலிருந்து தென்மேற்கே மெக்சிகோ எல்லையான ரியோ கிராண்ட் வரை, ஐந்நூறு மைலுக்கும் மேற்பட்ட தொலைவில், ஏறத்தாழ ஐந்து மைலுக்கு ஒன்றாக நடப்பட்டன.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான். இந்தக் கற்கள் ஸ்பெயின்காரர்கள் காலத்துப் பாதையைப் பற்றிச் சொல்வதைவிட 1918ஆம் ஆண்டைப் பற்றித்தான் அதிகம் சொல்கின்றன. பாதையைப் பற்றிச் சொல்வதிலும் பாதி பிழை. ஆனாலும் நான் அந்தக் கற்களின் கட்சி. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

முதலில் கற்கள் வந்த கதை. அமெரிக்கப் புரட்சியின் மகள்கள் 1890இல் தொடங்கிய பெண்கள் அமைப்பு. பிரிட்டனிடமிருந்து விடுதலை பெறப் போராடியவர்களின் வழித்தோன்றல் என்று வம்சாவளிச் சான்று காட்டினால்தான் உறுப்பினராகலாம். நாடு முழுக்கப் பழைய போர்க்களங்களுக்கும் பழைய வழித்தடங்களுக்கும் கல் நட்டதில் இவர்களுக்குப் பெரிய பங்குண்டு. டெக்சாஸில் இந்தப் பாதைக்குக் கல் நட வேண்டும் என்று 1910களில் முன்னின்றவர் போமாண்ட் நகரத்தைச் சேர்ந்த கிளாடியா நார்வெல். பல ஆண்டுகள் கழித்து, 1945இல், இந்தச் சாலையைப் பற்றி அவர் ஒரு புத்தகமும் எழுதினார். அமெரிக்காவின் மாபெரும் போர்த்தந்திர ராணுவச் சாலை என்று அதன் துணைத்தலைப்பிலேயே அறிவித்தார். அட்டையில் அவர் பெயர் கிளாடியா என்று இராது. அந்தக் கால வழக்கப்படி கணவர் பெயரை முன்னிட்டு 'மிசஸ் லிப்ஸ்கோம்ப் நார்வெல்' என்றுதான் இருக்கும். நூற்றுக்கு மேற்பட்ட கற்கள் எழக் காரணமாக இருந்த பெண்மணிக்குத் தன் புத்தகத்தில்கூடத் தன் பெயர் இல்லை. இதை ஓரமாகச் சொல்லிவைக்கிறேன். பின்னால் பெயர்கள் விடுபட்ட கதைதான் நிறைய வரப்போகிறது.

1915இல் மாநிலச் சட்டமன்றம் பாதையை அளந்து குறிக்க 5,000 டாலர் ஒதுக்கியது. வேலை மேஜர் வி. என். ஸிவ்லி என்ற நில அளவையாளரிடம் போனது. கற்களுக்கான பணத்தை மகள்கள் அமைப்பு திரட்டியது.

ஸிவ்லியின் வேலையை நினைத்துப் பாருங்கள். பாதை அங்கே இல்லை. சில இடங்களில் அதன் மேல் புதுச் சாலை ஓடியது, சில இடங்களில் பருத்திக் காடு, சில இடங்களில் முள்வேலி போட்ட மாட்டுப்பண்ணை, தெற்கே போகப்போக மெஸ்கீட் புதர். ஸ்பானியத் தளபதிகளும் துறவிகளும் எழுதிவைத்த நாட்குறிப்புகள் இருந்தன; அவற்றில் "இன்று ஏழு லீக் நடந்தோம், நல்ல தண்ணீர் கிடைத்தது" என்கிற மாதிரிக் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. அதை வைத்துக்கொண்டு எந்த இடத்தில் கல் நடுவது? அவருக்குக் கைகொடுத்தவை நிலப் பட்டாக்கள். ஸ்பெயின் காலத்திலும் மெக்சிகோ காலத்திலும் வழங்கிய நிலங்களுக்கு எல்லை எழுதும்போது, நம்மூர்ப் பத்திரத்தில் "வடக்கே வண்டிப்பாதை" என்று எழுதுவதுபோல், இந்தச் சாலையை எல்லையாக எழுதிவைத்திருந்தார்கள். அந்த ஆவணங்களெல்லாம் நம்முடைய இதே ஆஸ்டினில், மாநில நில ஆவண அலுவலகத்தில் இருந்தன. சாலை மறைந்தாலும் சாலையோரத்து நிலத்தின் எல்லை மறையவில்லை. எல்லையைப் பிடித்து அவர் சாலையைப் பிடித்தார். நல்ல மூளை. வண்டிச் சக்கரம் அறுத்த பள்ளங்கள் மிச்சமிருந்த இடங்களில் அவையும் உதவின.

இனி பாதையின் கதைக்கு வருகிறேன். இது ஸ்பெயின்காரர்கள் திட்டம் போட்டு அமைத்த சாலை இல்லை. அவர்களுக்கு இந்த நாட்டின் மேல் அக்கறையே இல்லாமல்தான் இருந்தது. அக்கறை வந்ததற்குக் காரணம் பயம். 1685இல் பிரெஞ்சுக்காரர் லா சால் டெக்சாஸ் கடற்கரையில் வந்து இறங்கிக் கோட்டை கட்டினார். இரண்டு ஆண்டில் தன் ஆட்களாலேயே கொல்லப்பட்டார்; கோட்டையும் அழிந்தது. அந்தச் சிதைவை 1689இல் தேடிப் பிடித்த ஸ்பானியத் தளபதி ஆலோன்சோ தெ லெயோன், மறு ஆண்டு கிழக்கு டெக்சாஸ் காட்டுக்குள் போய் மசானெத் என்ற துறவியோடு சேர்ந்து முதல் சமய நிலையத்தை நிறுவினார். 1691இல் மாகாணத்தின் முதல் ஆளுநர் தெரான் தெ லோஸ் ரியோஸ் அந்தப் பக்கம் போனார். வழியில் ஒரு ஆற்றங்கரையில் தங்கிய நாள் ஜூன் 13, புனித அந்தோணியார் திருநாள். ஆற்றுக்கு சான் அன்டோனியோ என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். பாயாயா மக்கள் ஏற்கெனவே அதன் கரையில் குடியிருந்தார்கள்.

இந்தப் பயணங்கள் எதுவும் காட்டை வெட்டிப் புதுத்தடம் போடவில்லை. கிழக்கே காடோ மக்களின் ஊர்கள் இருந்தன. சோளம் விளைவித்தவர்கள், உப்புக் காய்ச்சியவர்கள், வில் செய்ய ஏற்ற போதார்க் மரத்தை நெடுந்தொலைவு விற்றவர்கள். அவர்கள் நடந்து நடந்து போட்ட தடங்கள் சபைன் ஆற்றுக்கு இப்பாலும் அப்பாலும் பரவியிருந்தன. எந்த ஆற்றில் எந்த மாதம் எங்கே இறங்கலாம், எந்த ஊற்று கோடையிலும் வற்றாது என்பது அவர்களுக்குத் தெரியும். குதிரையில் வந்தவர்கள் வழிகாட்டிகளின் பின்னால் போனார்கள். மாட்சிமை தங்கிய மன்னரின் சாலை என்பது பெரும்பாலும் காடோக்களின் சந்தைப் பாதை மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு.

அந்த முதல் முயற்சி படுதோல்வி. வந்தவர்களோடு கொள்ளைநோயும் வந்தது. காடோக்கள் மடிந்து விழுந்தார்கள். ஞானஸ்நானத் தண்ணீர்தான் கொல்கிறது என்று அவர்கள் நம்பியதில் வியப்பில்லை. சாகக் கிடந்தவர்களுக்குத்தானே துறவிகள் ஓடி ஓடி அதைத் தெளித்தார்கள்! 1693 அக்டோபரில் மசானெத் மணிகளை மண்ணில் புதைத்து, தன் கையாலேயே நிலையத்துக்குத் தீ வைத்துவிட்டு இரவோடு இரவாக வெளியேறினார். அதற்குப் பிறகு இருபது ஆண்டுக்கு மேல் ஸ்பெயின் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பிப் பார்க்க வைத்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரரே. பெயர் சான் தெனி. லூசியானாவின் நாக்கடிஷ் பக்கத்திலிருந்து சரக்கோடு கிளம்பி, டெக்சாஸைக் குறுக்காகக் கடந்து, 1714இல் ரியோ கிராண்டின் அக்கரையில் இருந்த சான் ஹுவான் பௌதிஸ்தா கோட்டை வாசலில் போய் நின்றார். ஸ்பானிய எல்லைக்குள் பிரெஞ்சுச் சரக்கு கொண்டுவருவது குற்றம். கோட்டைத் தளபதி தியேகோ ரமோன் அவரைக் கைது செய்தார். ஆனால் காவலில் வைத்தது சிறையில் அல்ல, தன் வீட்டில். கைதி அந்த வீட்டுப் பெண்ணான மனுவேலாவையே கல்யாணம் செய்துகொண்டார். நடுவில் மெக்சிகோ நகருக்கு அனுப்பப்பட்டு விசாரிக்கப்பட்டபோது, விசாரித்தவர்களையும் பேசி மயக்கிவிட்டார். 1716இல் கிழக்கு டெக்சாஸில் மறுபடி குடியேற ஸ்பெயின் அனுப்பிய கூட்டத்துக்குப் பண்டம் ஏற்றிச்செல்லும் பொறுப்பு அவர் கையில் வந்தது! எதிரிநாட்டு வியாபாரி காட்டிய வழியில் சாம்ராஜ்யம் திரும்பி வந்தது. சான் அன்டோனியோவில் 1718இல் நிலையமும் கோட்டையும் எழுந்ததெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

இந்த வழியில் நடந்தவற்றுள் என்னை மிகவும் பாதித்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1729இலிருந்து ஸ்பானிய டெக்சாஸின் தலைநகர் லாஸ் அடாயஸ் என்ற சிற்றூர். காட்டுக்குள் மரக்கோட்டை, சமய நிலையம், சிதறிய குடிசைகள். பதினைந்து மைலில் பிரெஞ்சுக்காரர்களின் நாக்கடிஷ். தலைநகரத்துக்கு மெக்சிகோவிலிருந்து கோதுமையும் துணியும் வந்துசேரப் பல மாதம் பிடிக்கும். அண்டை ஊரிலிருந்து ஒரே நாளில் வந்துவிடும். அண்டை ஊரோடு வியாபாரம் சட்டவிரோதம். என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பிரெஞ்சுக்காரர்களைத் தடுப்பதற்காகவே வைத்த ஊர், பிரெஞ்சுக்காரர்கள் தயவில் சாப்பிட்டது. அக்கம்பக்கத்தில் கல்யாணம் கட்டிக்கொண்டார்கள். குழந்தைகள் பிறந்தன. இரண்டு தலைமுறை ஓடியது.

பிறகு லூசியானாவே ஸ்பெயின் கைக்கு வந்துவிட்டது. எல்லையே இல்லாதபோது எல்லைக்காவல் எதற்கு? மார்க்கேஸ் தெ ருபி என்ற அதிகாரி 1767இல் வந்து பார்த்துவிட்டு, இந்த ஊரை மூடிவிடலாம் என்று அறிக்கை கொடுத்தார். காகிதம் மெள்ள நகர்ந்து, 1773இல் உத்தரவாக வந்து இறங்கியது. சுமார் ஐந்நூறு பேர், சில நாள் அவகாசம், எல்லோரும் சான் அன்டோனியோ போய்ச் சேர வேண்டும். வயலில் சோளம் நின்றுகொண்டிருந்தது. கோடையில் கிளம்பிய அந்தக் கூட்டம் மூன்று மாதம் நடந்தது. மழை, வெள்ளம், நோய். வழியில் செத்தவர்கள் பலர். போய்ச் சேர்ந்தபின் செத்தவர்கள் இன்னும் பலர். நடக்க முடியாத நோயாளிகளை வழியிலேயே, ஆன்டோனியோ ஹில் யிபார்போ என்பவரின் எல் லோபனில்லோ பண்ணையில் விட்டுவிட்டுப் போனார்கள். அந்த யிபார்போதான் பிறகு தலைவரானார். எங்களைத் திரும்பிப் போக விடுங்கள் என்று மனுப்போட்டு, பாதி வழியில் ட்ரினிட்டி ஆற்றங்கரையில் ஊர் அமைக்க அனுமதி வாங்கி, வெள்ளமும் கொமாஞ்சிப் பழங்குடியினரின் தாக்குதலும் அந்த ஊரைக் குலைத்தபோது, 1779இல் யாரையும் கேட்காமல் மக்களைக் கூட்டிக்கொண்டு கிழக்கே போய் நாக்கடோச்சஸில் குடியமர்ந்தார். அரசு நகர்த்திய மக்கள் அதே பாதையில் தாமாகத் திரும்பி நடந்தார்கள். இன்றைய நாக்கடோச்சஸ் அப்படி உருவான நகரம்.

அந்த லோபனில்லோவை இன்றும் போய்ப் பார்க்கலாம். சபைன் மாவட்டத்தில், ஜெனீவா என்கிற சின்ன ஊருக்குப் பக்கத்தில், மரங்களுக்கு நடுவே நீளநீளமான பள்ளங்கள் ஒன்றையொட்டி ஒன்றாகப் போகின்றன. கால்வாய் என்று நினைப்பீர்கள். கால்வாய் அல்ல. கழுதை மந்தையும் மாடும் வண்டிச் சக்கரமும் அறுத்த மண். ஒரு தடம் சேறாகிப் புதைந்தால் அடுத்து வருகிறவன் பக்கத்தில் இறக்கி ஓட்டுவான். அதுவும் புதைந்தால் இன்னொன்று. ஆள் மூழ்குகிற ஆழத்துக்குப் போன இடங்களும் உண்டு. பைன் சருகு மூடிய அந்தப் பள்ளத்தில் இறங்கி நின்று மேலே பார்த்தால் கரை தலைக்கு மேல் இருக்கும். பாதையை நினைவுகூர இதைவிடப் பெரிய சின்னம் எந்தக் கல்லும் இல்லை என்பது என் எண்ணம்.

இந்தப் பள்ளங்கள்தாம் 1918இன் கற்களோடு வாதிடுகின்றன. ஒரே இடத்திலேயே பாதை பல தடமாகப் பிரிகிறதென்றால் ஐந்நூறு மைலில் எத்தனை தடம் இருந்திருக்கும்! சபைன், நெச்சஸ், ட்ரினிட்டி, பிரேசஸ், கொலராடோ, குவாடலூப், நியூவெசஸ் என்று இந்தப் பாதை கடக்கிற ஆறுகள் ஒவ்வொன்றும் வெள்ளக்காலத்தில் இறங்குதுறையை மாற்றும். களிமண் நிலம் மழையில் சக்கரத்தை விழுங்கும். ஆகவே ஓக் மரங்கள் நிற்கும் மணற்பாங்கான மேட்டைத் தேடிப் போனார்கள். அப்பாச்சிப் பழங்குடியினரும் பிறகு கொமாஞ்சிகளும் வலுவாக இருந்த ஆண்டுகளில் பாதை தெற்கே ஒதுங்கியது. அபாயம் தணிந்தால் வடக்கே ஏறியது. ரியோ கிராண்டுக்கும் சான் அன்டோனியோவுக்கும் நடுவில் மட்டுமே காலத்துக்குக் காலம் வெவ்வேறு பெயரில் பல வழிகள் ஓடின. பாஸ்ட்ராப் வழியாகப் போகிற இந்தப் பாதை, அதாவது ஸிவ்லி கல் நட்ட, நாம் 21ஆம் எண் சாலை என்று ஓட்டிக்கொண்டிருக்கிற பாதை, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பெரும்புழக்கத்துக்கு வந்தது. தெரானும் சான் தெனியும் லாஸ் அடாயஸ் அகதிகளும் இந்தக் கோட்டில்தான் நடந்தார்கள் என்று கல்லைத் தொட்டுச் சத்தியம் செய்ய முடியாது. தெரான் பயணத்தின் முந்நூறாவது ஆண்டை ஒட்டி 1991இல் மாநில நெடுஞ்சாலைத் துறையே தன் தொல்லியல் ஆய்வாளர்களைக் கொண்டு இதை விரிவாக ஆராய்ந்து, இது ஒரு சாலை அல்ல, பல வழிகளின் பின்னல் என்று எழுதி வெளியிட்டது.

ஸிவ்லியை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். அவரிடம் கேட்டது ஒரு கோடு. அவர் ஒரு கோடு கொடுத்தார். நிலப் பட்டாவை ஆதாரமாக வைத்தால் பட்டா வழங்கிய காலத்தில் புழங்கிய பாதைதான் கிடைக்கும், அதற்கு முந்திய நூற்றாண்டின் பாதை கிடைக்காது. ஆனால் ஏன் ஒரு கோடு கேட்டார்கள்? அதற்கு 1918ஐப் பார்க்க வேண்டும்.

அப்போது மோட்டார் வண்டி பரவிக்கொண்டிருந்தது. நல்ல சாலை வேண்டும் என்ற இயக்கம் நாடெங்கும் நடந்தது. டெக்சாஸ் நெடுஞ்சாலைத் துறையே 1917இல்தான் பிறந்தது. ஊருக்கு ஊர் தங்கள் வழியாகச் சாலை போக வேண்டும் என்று அடித்துக்கொண்டார்கள். அரசர் காலத்து நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியாகப் போனது என்பதற்குக் கல்லிலேயே சாட்சி இருந்தால் வசதிதானே. முதல் உலகப் போரின் தேசபக்திச் சூடும் சேர்ந்துகொண்டது. நேர்கோடாக, கம்பீரமாக, ராணுவத்துக்கும் நாகரிகத்துக்கும் உரியதாக ஒரு சாலை தேவைப்பட்டது. சேற்றில் வழுக்கி, வெள்ளத்துக்கு ஒதுங்கி, கள்ளச்சரக்கு போன பின்னல் யாருக்கும் தேவைப்படவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அதே 1918, ஜனவரி 28. ரியோ கிராண்ட் கரையில், மேற்கே வெகுதொலைவில், போர்வெனிர் என்ற சிற்றூர். டெக்சாஸ் ரேஞ்சர்கள் என்ற மாநிலக் காவல்படையினர், பண்ணைக்காரர்கள் சிலரோடு போய், அந்த ஊரின் மெக்சிகோ வம்சாவளி ஆண்களும் சிறுவர்களுமாகப் பதினைந்து பேரை வரிசையில் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். மறு ஆண்டு ஹோசே கனாலெஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர் விடாப்பிடியாக நின்று ரேஞ்சர்கள் மேல் விசாரணை நடத்த வைத்தார். எல்லைப்புறத்தில் சில ஆண்டுகளாகவே இப்படி நடந்துகொண்டிருந்தது. ஸ்பெயின் மன்னரின் சாலைக்கு மரியாதை செய்த மாநிலமும், ஸ்பானிய மொழி பேசிய குடியானவர்களைக் கொன்ற காவல்படையின் மாநிலமும் ஒன்றே. கல் நட்ட பெண்களுக்கும் இந்தக் கொலைக்கும் தொடர்பு இருந்ததாக நான் சொல்லவில்லை. இறந்துபோன ஸ்பெயின்காரனைக் கொண்டாடுவது எளிது, உயிரோடு பக்கத்தில் நிற்கிற மெக்சிகோக்காரனோடு வாழ்வதுதான் கடினம் என்கிற காலம் அது. கல்லில் அந்த ஆண்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

கல்லில் இல்லாத பெயர்கள் இன்னும் உண்டு. காடோக்களைச் சொன்னேன். அவர்களை 1859இல் டெக்சாஸை விட்டே வெளியேற்றி இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பினார்கள். காடோ நேஷனின் தலைமையிடம் இப்போது அங்கேதான். 1820இல் மோசஸ் ஆஸ்டின் என்பவர் அமெரிக்கக் குடியேறிகளுக்கு நிலம் கேட்டு சான் அன்டோனியோ போனதும், பிறகு அவர் மகன் ஸ்டீபன் ஆஸ்டின் வந்ததும் பாடப்புத்தகத்தில் இருக்கும். நம் ஊரின் பெயரே அந்த மகனுடையது. ஆனால் அந்தக் குடியேறிகள் தங்களோடு அடிமைகளையும் இதே வழியில் நடத்தி வந்தார்கள். பருத்திக் காடுகள் அவர்கள் கையால்தான் விளைந்தன. மெக்சிகோ 1829இல் அடிமைமுறையை ஒழித்ததால், தப்பிக்க நினைத்தவர்கள் தெற்கே ரியோ கிராண்டை நோக்கி ஓடினார்கள்.

மாடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது மகள்கள் அமைப்பையே தொடுகிற செய்தி. 1779 முதல் சில ஆண்டுகள், லூசியானாவின் ஸ்பானிய ஆளுநர் பெர்னார்தோ தெ கால்வெஸ் பிரிட்டிஷ் படைகளோடு போரிட்டபோது, அவருடைய வீரர்களின் சாப்பாட்டுக்காக டெக்சாஸ் பண்ணைகளிலிருந்து ஆயிரக்கணக்கான மாடுகளைக் கிழக்கே ஓட்டிப்போனார்கள். அமெரிக்க விடுதலைப் போருக்கு அது மறைமுக உதவி. அந்த மாட்டுப்பண்ணைக்காரர்களின் வழித்தோன்றல்களையும் மகள்கள் அமைப்பு பிற்காலத்தில் தகுதியுடையவர்களாக ஏற்றுக்கொண்டது. எந்தப் புரட்சியின் பெயரால் கல் நட்டார்களோ அந்தப் புரட்சிக்கு டெக்சாஸ் மண்ணிலிருந்து போன பங்கு அந்த மாடுகள்தான். 1918இன் கல்லில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு, கற்களின் கட்சி என்று எப்படிச் சொல்கிறேன்? இந்தக் கல் நடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். ஸிவ்லியின் கோடு வரைபடத்தில் ஏறியது. 1929இல் சட்டமன்றம் அதை மாநிலத்தின் வரலாற்று வழிகளில் ஒன்றாக அறிவித்து, பேணும் பொறுப்பை நெடுஞ்சாலைத் துறைக்குக் கொடுத்தது. அதனால்தான் பிரையன் பக்கத்திலிருந்து மிட்வே வரை எண்ணே இல்லாமல் ஓ.எஸ்.ஆர். என்ற மூன்று எழுத்தால் அழைக்கப்படும் மாநில நெடுஞ்சாலை ஒன்று இன்றும் இருக்கிறது. ஓல்ட் சான் அன்டோனியோ ரோடு என்பதன் சுருக்கம் அது. அந்தச் சாலையில் இடதுபக்கம் ஒரு மாவட்டம், வலதுபக்கம் இன்னொரு மாவட்டமாகப் போவீர்கள். லியோனுக்கும் மேடிசனுக்கும், ராபர்ட்சனுக்கும் பிரேசஸுக்கும் எல்லையே அந்தப் பழைய பாதைதான். கோடு இருந்ததால் அதை ஒட்டி ஆய்வு நடந்தது. ஆய்வு நடந்ததால் கோடு பிழை என்று தெரிந்தது. கடைசியில் 2004இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதைத் தேசிய வரலாற்றுத் தடமாக அறிவித்தபோது, எல் காமினோ ரியால் தெ லோஸ் தேஹாஸ் என்ற பெயரில், எல்லாக் கிளைகளையும் சேர்த்துச் சுமார் 2,500 மைல் கணக்கு வந்தது. ஐந்நூற்றுச் சொச்சம் எங்கே, 2,500 எங்கே! மறுத்துப் பேசவாவது ஒரு கல் வேண்டியிருக்கிறது. ஒன்றுமே நடாத பாதைகளைப் பற்றி மறுப்பும் கிடையாது, பேச்சும் கிடையாது.

ஆகவே கல்லைப் பிடுங்க வேண்டும் என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பக்கத்தில் இன்னொரு பலகை வைத்துச் சமன்செய்துவிடலாம் என்கிறவர்களின் அவசரமும் எனக்குப் பிடிக்கவில்லை. பலகையை யார் எழுதுவது என்று காடோ நேஷனிடம் கேட்டுவிட்டு வைக்கட்டும். சாலையை அகலப்படுத்தும்போது கற்களை நகர்த்தி நட்டிருக்கிறார்கள், அதனால் கல் நிற்கிற இடமே ஸிவ்லி குறித்த இடம் என்றும் எல்லா இடத்திலும் சொல்வதற்கில்லை. தென்மேற்கே போனால் பல கற்கள் தனியார் பண்ணைகளுக்குள் இருக்கின்றன. டெக்சாஸில் வேலி தாண்டுவது விளையாட்டல்ல. பண்ணைக்காரரிடம் கேட்காமல் உள்ளே போகாதீர்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போக நினைப்பவர்கள் கிழக்கே போங்கள். ஆல்ட்டோ ஊருக்குப் பக்கத்தில், 21ஆம் எண் சாலையை ஒட்டியே, ஆயிரம் ஆண்டுக்கு முன்பு காடோக்கள் எழுப்பிய மண்மேடுகள் மூன்று இருக்கின்றன. மன்னரின் சாலை ஏன் அந்த வழியாகப் போனது என்பதற்கு அந்த மேடுகளைவிட நேரான பதில் கிடையாது.

முடிக்கும் முன் ஒரு வேடிக்கை. ஸிவ்லியின் அளவை மாநில அரசின் பணத்தில் நடந்தது. ஆகவே மாநில எல்லையோடு நின்றது. தெற்கே ரியோ கிராண்டின் இக்கரையில் கல் நின்றுவிடுகிறது. சான் தெனி காவலில் இருந்த சான் ஹுவான் பௌதிஸ்தா அக்கரையில், மெக்சிகோவின் குரேரோ ஊரில் இருக்கிறது. கிழக்கே சபைன் ஆற்றோடு கல் நின்றுவிடுகிறது. கடைசித் துறையாக இருந்த கெய்ன்ஸ் படகுத்துறை இப்போது டோலிடோ பெண்ட் நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. நாற்பது ஆண்டுக்கு மேல் டெக்சாஸின் தலைநகராக இருந்த லாஸ் அடாயஸ் அதற்கும் அப்பால், லூசியானாவில். டெக்சாஸின் அரசபாட்டைக்கு நட்ட 123 கற்களில் ஒன்றுகூட டெக்சாஸின் பழைய தலைநகரை எட்டவில்லை. 2004இன் தேசியத் தடம் அந்தக் குறையைத் தீர்த்து நாக்கடிஷ் வரை போகிறது. விடுமுறைக்கு நியூ ஆர்லியன்ஸ் போகிறவர்கள் வடக்கே சற்றுச் சுற்றிக்கொண்டு ரோபலின் என்ற ஊருக்குப் போனால், லாஸ் அடாயஸ் இருந்த மேட்டில் நிற்கலாம். கோட்டைச் சுவர் நின்ற வரிசையைத் தரையில் குறித்துவைத்திருக்கிறார்கள்.

 கேள்விகள் இருந்தால் கேளுங்கள். காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது என்று ஏற்பாட்டாளர் சைகை காட்டுகிறார், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.